ஊரோடு செபித்த நாற்பது நாள்

சாம்பல் புதனுக்கு முந்தின ஞாயிறு, கத்தோலிக்கக் கோயில் வாசலில் ஒரு கூடையோ அட்டைப்பெட்டியோ வைத்திருப்பார்கள். போன வருஷத்துக் குருத்தோலையை அதில் கொண்டுவந்து போட வேண்டும். குருத்தோலை ஞாயிறன்று பூசை நடக்கும்போதே பையன்கள் மடித்துப் பின்னிய ஓலைச் சிலுவைகள்தான் அதில் பாதி. ஒரு வருஷமாகச் சுரூபத்துக்குப் பின்னாலும், நிலைப்படிக்கு மேலேயும், காலண்டர் ஆணியிலும் தொங்கிக் கிடந்ததில் வெயிலும் அடுப்புப் புகையும் ஏறி, தொட்டால் பொடிகிற பதத்துக்கு வந்திருக்கும். கோயில்பிள்ளை அதை ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டுக் கொளுத்துவார். ஓலைச் சாம்பல் விறகுச் சாம்பல் மாதிரி வெளுப்பாக வராது. கறுப்புத் திட்டும் கரியுமாக வரும். அதை நுணுக்கி மெல்லிய துணியில் சலித்தால், கூடை நிறைய ஓலைக்கு ஒரு கிண்ணம் தேறினால் அதிகம்.

இந்த ஒரு வேலை என் அப்பத்தா காலத்தில் நடந்ததுபோலவே இன்றும் நடக்கிறது. அந்தச் சாம்பல் நெற்றியில் ஏறிய பிறகு வரும் நாற்பது நாள்தான் ஆளே அடையாளம் தெரியாதபடி மாறிவிட்டது. என்ன மாறியது என்று கேட்டால் பலரும் சாப்பாட்டைச் சொல்வார்கள். எனக்குப் பெரிய மாற்றமாகப் படுவது வேறு. அன்றைக்கு ஒரு மனுஷனைச் செபத்துக்கு உட்காரவைத்தது ஊர். இன்றைக்கு அவன்தான் அவனை உட்காரவைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பெரியவர்கள் தபசு காலம் என்றும் இப்போதைய பூசைப் புத்தகம் தவக்காலம் என்றும் சொல்லும் இந்த நாட்கள் மாசி, பங்குனியை ஒட்டி வரும். ஈஸ்டர் நிலவைப் பார்த்து நகர்கிற திருநாள். அதனால் சாம்பல் புதன் பிப்ரவரி 4க்கும் மார்ச் 10க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். பிப்ரவரி 4இல் விழுவது அபூர்வம். 1693இல் அப்படி விழுந்தது. ஓரியூரில் அருளானந்தரை, அதாவது ஜான் டி பிரிட்டோவை, வெட்டிக் கொன்றது அந்தச் சாம்பல் புதனன்றுதான். 2018இலும் 2024இலும் அது பிப்ரவரி 14இல் வந்து மாட்டிக்கொண்டது. கல்லூரி வாசலில் ரோஜாவோடு நின்ற சில பையன்கள் நெற்றியில் சாம்பலோடு நின்றார்கள்.

திருச்சி, திண்டுக்கல் பக்கத்துக் கிராமங்களுக்கு இது தோதான பருவம். சம்பா அறுவடை முடிந்திருக்கும், களம் ஓய்ந்திருக்கும். பக்கத்துத் தெருவில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். சமயபுரத்தில் மாசிக் கடைசி ஞாயிறு தொடங்கி 28 நாள் அம்மனே பச்சைப் பட்டினி விரதம் இருக்கிறாள். 2025இல் ரமலான் நோன்பும் சாம்பல் புதனும் ஒரே வாரத்தில் தொடங்கின. வயிற்றைக் காயப்போடுவதும் சாமியிடம் முறையிடுவதும் இந்த மண்ணில் எந்தப் பங்குச் சாமியாரும் புதிதாகச் சொல்லிக்கொடுக்க வேண்டிய பாடமாக இருந்ததில்லை.

அந்தக் காலத்துச் சாயங்காலத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். ஆறு மணிக்குக் கோயிலில் திரிகால மணி அடிக்கும். கிட்டிப்புள் ஆடுகிற பையனிலிருந்து மாட்டைப் பிடித்துவருகிற பெரியவர் வரைக்கும் நின்ற இடத்தில் நின்று சிலுவை போட்டுக்கொள்வார்கள். இருட்டி, அடுப்பு வேலை முடிந்ததும் வீட்டுக்கு வீடு பாய் உதறும் சத்தம் கேட்கும். அரிக்கேன் விளக்கைச் சுரூபத்தின் பக்கம் நகர்த்திவிட்டு அப்பத்தா தொடங்குவார். ஐம்பத்து மூன்று மணிச் செபம். தபசு காலம் என்பதால் துக்க தேவ இரகசியங்கள். பாதியை அவர் சொல்ல, மீதியை நாங்கள் வாங்கிக்கொள்வோம். மூன்றாம் பத்துக்கு வருவதற்குள் கடைக்குட்டி தூக்கத்தில் சாமியாட ஆரம்பித்துவிடுவான். பக்கத்தில் இருக்கும் அத்தை பார்வையைச் சுரூபத்திலிருந்து எடுக்காமலேயே அவன் தொடையில் கிள்ளுவார். எல்லாம் முடிந்ததும் சிறியவர்கள் வரிசையாக வந்து பெரியவர்களுக்குத் தோத்திரம் சொல்ல வேண்டும். அவர்கள் கட்டைவிரலால் நெற்றியில் ஒரு சிலுவை போடுவார்கள். மண்வெட்டி பிடித்த கட்டைவிரல் உப்புத்தாள் மாதிரி உராயும். அதற்குப் பிறகுதான் சோறு.

செபம் சொல்லலாமா என்று யாரும் யாரையும் கேட்டதில்லை. ஒரு வீட்டிலிருந்து செபச் சத்தம் வரவில்லை என்றால் மறுநாள் கிணற்றடியில் விசாரிப்பார்கள், உடம்புக்கு முடியலையா என்று. இந்தப் பழக்கத்தின் வேர் ரொம்பத் தூரம் போகிறது. 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார் அடிப்படைச் செபங்களைத் தமிழாக்கச் செய்து, தானே மனப்பாடம் பண்ணிக்கொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருவில் போய்ப் பிள்ளைகளைச் சேர்த்து ஒப்பிக்க வைத்தார். ஒருவர் சொல்ல எல்லோரும் திருப்பிச் சொல்வதுதான் முறை. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு சமூகம் நானூறு வருஷம் விசுவாசத்தைக் காதிலும் நாக்கிலும் வைத்துக் காப்பாற்றிக்கொண்டு வந்தது இப்படித்தான்.

இதையெல்லாம் புகழ்ந்து எழுதுவது சுலபம். எனக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. வாய் ஒரு பக்கம் ஓடும், மனசு மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா என்று இன்னொரு பக்கம் ஓடும். சொல்லுகிற வார்த்தைக்கு அர்த்தம் கேட்டால், செபம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாருக்குக் கோபம் வரும். கேள்வி கேட்கிற பிள்ளை கெட்டுப்போகிற பிள்ளை என்பது அவர் கணக்கு. ஒரு நாளாவது நின்று யோசி, உன் மனசில் என்ன இருக்கிறது என்று பார் என்று எங்களுக்கு யாரும் சொன்னதாக நினைவில்லை. ஆனால் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். வயசாகி நினைவு தப்பி, பெற்ற மகளையே யார் என்று கேட்ட ஒரு கிழவி, மரியாளை நோக்கிச் சொல்லும் பிரியதத்த மந்திரத்தை மட்டும் ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பொருள் புரிந்து படித்த எத்தனையோ புத்தகம் அப்படி நம்மோடு கடைசி வரைக்கும் வராது.

சாப்பாட்டுக்கு வருவோம். ஒருசந்தி என்றால் நாளுக்கு ஒரு முழுச்சாப்பாடு. சுத்தபோசனம் என்றால் இறைச்சி கூடாது. 1917இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பு, ஞாயிறு நீங்கலாகத் தபசு காலம் முழுவதையும் ஒருசந்தி நாளாக வைத்திருந்தது. இது போதாதென்று, பூசையில் நன்மை வாங்க வேண்டுமானால் நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் படக்கூடாது. தண்ணீருக்கு விலக்கு கிடைத்ததே 1953இல்தான். 1957இல் அந்தப் பட்டினி மூன்று மணி நேரமாகவும், 1964இல் ஒரு மணி நேரமாகவும் குறைந்தது. 1966 பிப்ரவரி 17ஆம் தேதி, அந்த வருஷத்துச் சாம்பல் புதனுக்கு ஆறு நாள் முன்னால், ஆறாம் பவுல் பாப்பரசர் ஒரு சாசனம் வெளியிட்டார். கட்டாய ஒருசந்தி இரண்டே நாளாகிவிட்டது: சாம்பல் புதன், பெரிய வெள்ளி. 1983இன் புதிய சட்டத் தொகுப்பு 18 வயதிலிருந்து 59 வரைக்கும் ஒருசந்தி, 14 வயதுக்கு மேல் சுத்தபோசனம் என்று வரையறுத்தது. மற்ற நாட்களில் எதை விடுவது, எதைக் கொடுப்பது என்பது அவரவர் மனசாட்சிக்கு வந்து சேர்ந்தது.

ஊர் அதை உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. சட்டம் கேட்டதைவிட எங்கள் பக்கத்து அடுப்படி கேட்டது எப்போதுமே அதிகம். ரோமாபுரிச் சட்டத்தில் மீனுக்குத் தடை இல்லை. ஆனால் எங்கள் வீடுகளில் சாம்பல் புதன் காலையில் கறிச்சட்டியைத் தேய்த்துக் கவிழ்த்துப் பரணில் ஏற்றினால், மீன், முட்டை, கருவாடு எல்லாம் அதோடு மேலே போய்விடும். உயிர்ப்பு ஞாயிறு பூசை முடிந்துதான் சட்டி இறங்கும். கடற்கரை ஊர்க்காரர்களுக்கு இந்தக் கணக்கு ஒத்துவராது. மீன்தான் அவர்களுடைய கஞ்சியும் குழம்பும். இறைச்சியை விடுவது அவர்களுக்கு நோன்பே இல்லை. பெரிய வெள்ளிக்கிழமை கடலுக்குப் போகாமல் இருப்பதுதான் அங்கே நிஜமான நோன்பு. அன்றைய வருமானத்தையே விடுகிறார்கள் அல்லவா?

பிடியரிசி என்று ஒன்று இருந்தது. உலை வைக்க அரிசி அளக்கும்போது ஒரு பிடியை எடுத்துத் தனிக் கலயத்தில் போட்டுவைப்பார்கள். அது கோயிலுக்கோ இல்லாதவர்களுக்கோ போகும். அந்தப் பிடி அரிசி நம் சோற்றிலிருந்து குறைகிற அரிசி என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். இப்போது வீட்டுக்கு ஒரு அட்டை உண்டியல் தருகிறார்கள், நாற்பது நாளும் சேர்த்துப் பங்கில் கொடுக்கச் சொல்லி. நல்ல ஏற்பாடுதான், பணம் நிறையச் சேர்கிறது, காரித்தாஸ் மாதிரி அமைப்புகள் அதைக்கொண்டு உருப்படியான வேலை செய்கின்றன. ஆனால் பெரிய வெள்ளிக்கு முந்தின நாள் பர்சிலிருந்து ஒரு ஐந்நூறு ரூபாயை மடித்து உள்ளே தள்ளிவிட்டு ஒட்டிக்கொடுக்கிற வீடுகள் நிறைய. சாப்பாட்டுக்கும் தானத்துக்கும் இருந்த முடிச்சு அங்கே அவிழ்ந்துவிடுகிறது.

குடியை விடுகிற ஆண்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. சாம்பல் புதனோடு நிறுத்தி, நாற்பது நாளும் வெள்ளையும் சுத்தமுமாக இருந்து, ஈஸ்டர் மத்தியானம் கறிச்சோற்றோடு மறுபடி தொடங்குகிறவர்களை ஊர் கேலி பண்ணும். நான் கேலி பண்ண மாட்டேன். அந்த நாற்பது நாளும் என்ன என்று அந்த வீட்டுக்காரியிடமே கேட்டுப் பார்க்க வேண்டும். இளவட்டங்கள் இப்போது போனை விடுகிறேன், இன்ஸ்டாகிராமை விடுகிறேன் என்கிறார்கள். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். ஆட்டுக்கறியை விடுவதைவிட அது கஷ்டம் என்பது சிரிக்கிறவர்களும் ஒருநாள் முயன்று பார்த்தால் தெரியும்.

வாசிப்பில் நடந்த மாற்றம்தான் நிஜமான புரட்சி. பழைய லத்தீன் பூசையில் தவக்காலத்தின் ஒவ்வொரு நாளுக்கும் தனி வாசகம் இருந்தது. சாதாரண வாரநாட்களுக்கு அப்படி நாள்தோறும் தனி வாசகம் கிடையாது. ஆக, தினம் ஒரு தியானத்துக்கு வேண்டிய சரக்கு எப்போதோ தயாராகத்தான் இருந்தது. என்ன பயன், அது லத்தீனில் இருந்தது. பீடத்தைப் பார்த்து நின்று சாமியார் மெல்ல வாசிப்பார், பின்னால் ஜனங்கள் செபமாலை உருட்டிக்கொண்டிருப்பார்கள். வீட்டில் வேதாகமம் இருந்தால் ‘வேதக்காரர்’ என்று சீர்திருத்தச் சபையாரோடு சேர்த்துப் பேசிவிடுவார்களோ என்கிற கூச்சம்கூடச் சில வீடுகளில் உண்டு.

அந்த இடத்தை வேறு புத்தகங்கள் நிரப்பின. மார்ச் மாதம் சூசையப்பருக்கு உரியது, அதுவும் தவக்காலத்திலேயே வரும். ‘சூசையப்பர் வணக்கமாதம்’ என்ற புத்தகத்தை எழுத்துக் கூட்டத் தெரிந்த யாராவது ஒருவர் விளக்கடியில் வாசிப்பார். நாளுக்கு ஒரு தியானம், பிறகு அருள் பெற்ற யாரோ ஒருவரின் கதை, கடைசியில் ஒரு செபம். கதைக்காகவே அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வந்து உட்காரும். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்த சாங்கோபாங்க சுவாமி என்கிற ஜாக்கோமே கொன்சால்வெஸ் (1676-1742) எழுதிய ‘வியாகுலப் பிரசங்கம்’ தவக்காலம்தோறும் தமிழ்க் கத்தோலிக்க ஊர்களில் ராகம்போட்டு வாசிக்கப்பட்டது. கல்வாரிப் பாடுகளைக் கேட்டு அழுவதற்கென்றே ஜனங்கள் கூடுவார்கள். தியானம் என்பது அன்றைக்குக் கூட்டாகக் கேட்டு, கூட்டாகக் கண்ணீர்விடுகிற காரியம்.

இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு பூசை தமிழுக்கு வந்தது, சாமியார் ஜனங்கள் பக்கம் திரும்பினார், வாசகங்கள் காதில் விழுந்தன. 1995இல் கத்தோலிக்கரும் சீர்திருத்தச் சபையாரும் சேர்ந்து உழைத்த ‘திருவிவிலியம்’ பொது மொழிபெயர்ப்பு வெளிவந்தது. திருமணத்துக்கு, புதுநன்மைக்கு, பிறந்தநாளுக்கு என்று அது வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. இன்று காலை நாலரை மணிக்கெல்லாம் அன்றைய வாசகமும் சிந்தனையும் வாட்ஸ்அப்பில் வந்து விழுந்துவிடும். பங்குச் சாமியார் ஒன்று அனுப்புவார், சித்தி ஒன்று, பெங்களூரில் இருக்கும் மச்சான் ஒன்று. மூன்று நிமிஷ ஒலித்துண்டு, பின்னணியில் மெலிதாகப் புல்லாங்குழல். முதலில் ஒரு வசனம், பிறகு யாரோ ஒரு வியாபாரியோ ராஜாவோ வருகிற கதை, அதிலிருந்து ஒரு கருத்து, கடைசியில் ஒரு செபம். வணக்கமாதம் புத்தகத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்த வடிவம் அத்துப்படி. கொஞ்சமும் மாறவில்லை.

மாறியது கேட்கிற விதம். பல் துலக்கும்போதும், இட்லி ஊற்றும்போதும், டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கும்போதும் கேட்கிறோம். எனக்கு ஒரு குறை உண்டு. இந்தச் சிந்தனைகளில் பேச்சு அதிகம், சும்மா இருக்க விடுகிற இடம் குறைவு. இன்னாசியாரின் ஆன்மீகப் பயிற்சி முப்பது நாள் மௌனத்தைக் கேட்கிறது. நம் ஒலித்துண்டு முப்பது விநாடி மௌனத்தைக்கூடத் தருவதில்லை, அடுத்தது தானாக ஓடத் தொடங்கிவிடுகிறது. கேட்டு முடித்ததும் கைகூப்புகிற பொம்மை ஒன்றைத் தட்டிவிட்டால் அன்றைய தியானம் முடிந்த மாதிரி. இவ்வளவு சொன்னாலும், அன்றைய நற்செய்தி என்ன என்பது எங்கள் அப்பத்தாவுக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை, அவருடைய பேத்திக்குத் தினமும் தெரிகிறது. இதைச் சின்ன விஷயம் என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆண்டவர் சிலுவை சுமந்த வழியை நிலை நிலையாகத் தியானிக்கும் சிலுவைப்பாதைதான் இரண்டு காலத்தையும் தாங்கி நிற்கிறது. பதினான்கு நிலை என்று 1731இல் பன்னிரண்டாம் கிளமெண்ட் பாப்பரசர் நிலைப்படுத்தியது இன்றும் பதினான்குதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம், பங்குனிப் புழுக்கம், ஒவ்வொரு நிலைக்கும் முழங்கால் போட்டு எழுந்திருக்க வேண்டும். முன்பெல்லாம் சிமிண்டுத் தரையிலோ மண் தரையிலோ முழங்கால். பத்தாம் நிலைக்குப் பிறகு யார் பக்தியில் அழுகிறார்கள், யார் வலியில் அழுகிறார்கள் என்று பிரிக்க முடியாது. இப்போது டைல்ஸ் தரை, மின்விசிறி, மூட்டுவலிக்காரர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலி. வாசகமும் மாறிவிட்டது. ஆண்டவர் படும் பாட்டோடு, கடனில் சிக்கிய விவசாயி, வரதட்சணைக்கு எரிந்த பெண், கரை திரும்பாத மீனவர் என்று சமகாலத்துச் சிலுவைகளையும் சேர்த்து எழுதிய புத்தகங்கள் வந்துவிட்டன. சிலது நன்றாக இருக்கிறது, சிலது தினத்தாள் தலையங்கம் மாதிரி நீள்கிறது.

தியானம் இப்போது கோயிலிலிருந்து தெருவுக்கும் வந்துவிட்டது. ஒரு பங்கை இருபது, முப்பது குடும்பமாகப் பிரித்து அன்பியம் என்று வைத்திருக்கிறார்கள். தவக்காலத்தில் வாரம் ஒரு வீட்டில் கூடுவார்கள். அங்கே உபதேசியார் கிடையாது. ஒரு வசனத்தை வாசித்துவிட்டு, இது உங்களுக்கு என்ன சொல்கிறது என்று கேட்பார்கள். முதல் சில வாரம் எல்லோரும் தரையைப் பார்ப்பார்கள். பிறகு யாரோ ஒரு அக்கா, பெரும்பாலும் பெண்கள்தான் முதலில் வாய் திறப்பார்கள், மருமகளோடு பேசாமல் இருக்கிறேன் என்று தொடங்குவார். செபத்தைச் சொந்த வார்த்தையில் சொல்வது எங்கள் தலைமுறைக்குப் புதுசு. எழுதிவைத்த செபத்தைத் தண்ணீராய்ச் சொல்கிற ஆள், சொந்தமாக ரெண்டு வாக்கியம் சொல்லச் சொன்னால் வியர்த்துப்போவார். அந்தத் திணறலில் ஒரு உண்மை இருக்கிறது என்று நினைக்கிறேன். ஊர் சுமந்த விசுவாசம் தனி ஆளின் தோளுக்கு மாறும்போது இப்படித்தான் திணறும்.

பெருங்கூட்டமாகச் செபிப்பது போய்விட்டது என்று இதற்கு அர்த்தமில்லை. ஆண்டவரின் பாடுகளை நடிக்கும் பாஸ்கா நாடகத்துக்கு இன்றும் கூட்டம் அம்முகிறது. யாழ்ப்பாணத்தில் மரிய சேவியர் அடிகள் 1965இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் போருக்கு நடுவிலும் திருப்பாடுகளின் காட்சியை விடாமல் மேடையேற்றப் பாடுபட்டது. எங்கள் பக்கத்தில் கேஸ் லைட்டில் விடிய விடிய நடந்தது இப்போது எல்இடி திரையோடு நடக்கிறது. யூதாஸ் வேஷத்துக்கு ஆள் பிடிப்பது மட்டும் அன்றும் சிரமம், இன்றும் சிரமம்.

சீர்திருத்தச் சபையான சி.எஸ்.ஐ. வீடுகளின் கதை வேறு. தரங்கம்பாடியில் 1715இல் சீகன்பால்கின் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகிவிட்டது. வாசிப்பு அவர்களுக்குப் பரம்பரைச் சொத்து. திருநெல்வேலி, நாசரேத் பக்கம், லெந்து என்று அவர்கள் சொல்லும் தவக்கால நாட்களில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம், ஒரு அதிகாரம், ஒரு கீர்த்தனை என்பது பழைய பழக்கம். பெரிய வெள்ளியன்று ஏழு வார்த்தைகளை வைத்து மூன்று மணி நேர ஆராதனை, சென்னை ஆலயங்களில் முடிந்ததும் கஞ்சியும் துவையலும். அந்த மூன்று மணி ஆராதனை 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரு நாட்டு லீமாவில் ஒரு இயேசு சபைக் குரு தொடங்கிவைத்தது என்பதைச் சொன்னால் அந்தச் சபைப் போதகர்களான சில ஐயர்மார் நம்ப மறுப்பார்கள். பெந்தெகொஸ்தே சபைகள் பல லெந்தையே அனுசரிப்பதில்லை. ஆனால் உபவாச ஜெபத்தில் மற்ற எல்லோரையும் மிஞ்சுவார்கள்.

2020 மார்ச் 25இல் ஊரடங்கு வந்தபோது தவக்காலம் பாதியைத் தாண்டியிருந்தது. குருத்தோலை இல்லை, பாதம் கழுவுதல் இல்லை, சிலுவை முத்தி இல்லை. மார்ச் 27 அன்று மழையில் நனைந்த பேதுரு சதுக்கத்தில் பிரான்சிஸ் பாப்பரசர் தனியாக நின்று செபித்ததை உலகமே பார்த்தது. இங்கே டிவிக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றிவைத்துப் பெரிய வெள்ளி வழிபாட்டில் முழங்கால் போட்டார்கள். வேடிக்கை என்னவென்றால், முப்பது வருஷமாகச் சீரியல் நேரத்தில் கரைந்துபோயிருந்த வீட்டுச் செபம் அந்தச் சில வாரங்களில் பல வீடுகளில் உயிர்பெற்றது. வெளியே போக வழியில்லை, எல்லோரும் வீட்டில், மணி ஏழானால் வேறு என்ன செய்வது? கோயில் திறந்ததும் அது மறுபடி நின்றுபோன வீடுகள் உண்டு. நிற்காத வீடுகளும் உண்டு.

சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை குறைந்துவிட்டது. இயேசு சபைக் குரு அன்றிக் அடிகள் 1580இல் கொச்சியில் அச்சிட்ட ‘கொம்பெசியொனாயரு’ முழுக்க முழுக்கப் பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்கிற புத்தகம். தமிழில் அச்சேறிய ஆரம்பகாலப் புத்தகங்களில் ஒன்று மனசாட்சியைச் சோதித்துப் பார்ப்பது பற்றியது என்பதை நம் அச்சு வரலாறு பேசுகிறவர்கள் அதிகம் கண்டுகொள்வதில்லை. பெரிய வாரத்துக்கு முன்னால் அக்கம்பக்கத்துப் பங்குகளிலிருந்து சாமியார்கள் வந்து உட்காருவது இன்றும் நடக்கிறது. அன்று ஊரே வரும், ஆளுக்கு இரண்டு நிமிஷம், பட்டியலை ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இன்று வருகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்கள் நெடுநேரம் பேசுகிறார்கள், அழுகிறார்கள், வரிசையில் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார்கள்.

இன்னொரு போட்டியாளரைச் சொல்லாமல் விட முடியாது: பிளஸ் டூ பரீட்சை. வருஷா வருஷம் மார்ச்சில், தவக்காலத்தின் நடுமத்தியில். அந்த வீடுகளில் நாற்பது நாள் செபமும் கணக்கு, இயற்பியல், வேதியியல் என்று துறைவாரியாகப் பிரிந்துவிடும். ஹால் டிக்கெட்டைப் பீடத்தில் வைத்து மந்திரித்து வாங்கிப்போவார்கள். பிள்ளை சிலுவைப்பாதைக்கு வராது, டியூஷன். அம்மா அவனுக்கும் சேர்த்து முழங்கால் போடுவார்.

பிள்ளைகள் படித்து முடித்துப் போகிற இடமும் தூரமாகிவிட்டது. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் மகன் குவைத்தில். தவக்காலம் முழுக்க இரவு எட்டு மணிக்கு அம்மா வீடியோ காலில் செபமாலை தொடங்குவார், அங்கே மாலை ஐந்தரை. 2025இல் ரமலானும் கூடவே வந்ததால் அவனுக்கு வேலை நேரம் குறைந்திருந்தது, சீக்கிரமே அறைக்கு வந்துவிடுவான். ஒரே தொல்லை, அவன் பதில் சொல்லும் பாதி இரண்டு விநாடி பிந்தி வரும். இங்கே இவர்கள் அடுத்த மணிக்குப் போனபின் அவன் குரல் முந்தின மணியில் வந்து மோதும், எல்லோரும் சிரித்துவிடுவார்கள். அம்மாதான் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். முழுப் பத்து மணியையும் ஒரே ஆள் சொல்வது, மற்றவர்கள் போனை ம்யூட்டில் போட்டுக்கொண்டு கூடவே முணுமுணுப்பது. முதல் பத்து அம்மாவுக்கு, இரண்டாவது அவனுக்கு. மூன்றாவது, அவன் அறையில் கூடத் தங்கியிருக்கும் நாகர்கோவில் பையனுக்கு. அந்தப் பையன் சி.எஸ்.ஐ.க்காரன், மரியாளை நோக்கிச் செபிக்கும் வழக்கம் அவனுக்கு இல்லை. அதனால் அவன் முறை வரும்போது மட்டும் ஒரு சங்கீதத்தை வாசித்துவிடுகிறான். அம்மா அதைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு நான்காவது பத்தைத் தொடங்குகிறார்.